பாவசங்கீர்த்தனம் கேட்கும் சாமியார்: சென்னையில் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர்கள், அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக் குழு) முதல் ஆளாக வந்து பாய் விரிக்கிறவர்கள், இவர்கள்கூட பாவசங்கீர்த்தனம், அதாவது செய்த பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது, என்றதும் பின்வாங்குவதை எங்கள் பங்கில் (எங்கள் கோவிலைச் சேர்ந்த சமூகத்தில்) அடிக்கடி பார்க்கிறேன். செய்ததை வாய்விட்டுச் சொல்ல வெட்கம், சரி. ஆனால் பேசிப்பார்த்தால் அடியில் வேறு பயம் இருக்கிறது. "ஃபாதர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?" "அடுத்த வாரம் கோவில் வாசலில் பார்த்தால் ஞாபகம் வைத்திருப்பாரே?" "திட்டிவிட்டால்?" பாவசங்கீர்த்தனப் பெட்டியின் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யார், அவருடைய வேலை என்ன, எதுவரை கேட்கலாம், எதைச் செய்யவே கூடாது என்று யாரும் நம்மவர்களுக்கு நிதானமாகச் சொல்லித் தருவதில்லை. அது தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்பது என் நம்பிக்கை.

பெரியவர்களாகி ஞானஸ்நானம் பெற்றவர்கள், கல்யாணத்தின் வழியாகச் சபைக்கு வந்தவர்கள், புதுநன்மைக்குப் (முதல் தடவை நற்கருணை வாங்குவது) பிறகு எட்டிப்பார்க்காமல் இருந்துவிட்டு வேலைக்காகச் சென்னை வந்த இடத்தில் மறுபடி கோவிலைத் தேடுகிறவர்கள், இவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். சொல்வதெல்லாம் கத்தோலிக்கத் திருச்சபையின் முறை. சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் ஆராதனையின்போது எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வதுதான் வழக்கம்.

முதலில் பெயர்கள்

கோவில் அறிவிப்புப் பலகையில் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்று எழுதியிருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி 'பாவசங்கீர்த்தனம்' என்பார். அலுவலகத்தில் இருக்கும் மலையாளி நண்பர் 'கும்பசாரம்' என்பார். ஆங்கிலப் பூசைக்குப் போகும் பிள்ளைகள் 'கன்ஃபெஷன்' என்பார்கள். நான்கும் ஒன்றே.

அதைக் கேட்கும் குருவுக்கு ஆங்கிலத்தில் கன்ஃபெஸர் என்று தனிப் பெயர் உண்டு. நம் பேச்சுவழக்கில் 'பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியார்' என்பதோடு முடிந்துவிடும். பழைய ஞான நூல்களைப் படிப்பவர்கள் 'ஆத்தும குரு' என்ற சொல்லைப் பார்க்கலாம். ஒருவர் தொடர்ந்து யாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து ஆலோசனையும் கேட்கிறாரோ, அந்தக் குரு.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலப் புனிதர் வரலாறுகளில் ஒருவர் பெயருக்குப் பின்னால் கன்ஃபெஸர் என்று போட்டிருந்தால், அவர் பாவசங்கீர்த்தனம் கேட்டவர் என்று பொருள் இல்லை. துன்பத்திலும் விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டு வாழ்ந்தவர், ஆனால் வேதசாட்சியாகக் கொல்லப்படாதவர் என்று பொருள். 1066-இல் இறந்த இங்கிலாந்து அரசர் எட்வர்டுக்கு அந்தப் பட்டம் உண்டு. அவர் குருவே இல்லை. நம் பழைய தமிழ்க் காலண்டர்களில் இவர்களைத் 'துதியர்' என்று குறித்திருப்பார்கள். 1969-இல் ரோமைத் திருநாட்காட்டியைத் திருத்தியபோது இந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். ஆகவே இப்போது கன்ஃபெஸர் என்று பேச்சில் வந்தால் பெரும்பாலும் பாவசங்கீர்த்தனம் கேட்பவர்தான்.

நேரில் எப்படிக் கூப்பிடுவது? 'ஃபாதர்' போதும். 'சாமி' என்றாலும் மரியாதைதான். வயதானவர்கள் 'தோத்திரம் சாமி' என்று தொடங்குவார்கள். 'அருட்பணியாளர் அவர்களே' என்றெல்லாம் பெட்டிக்குள் பேச வேண்டியதில்லை.

யாரிடம் செய்யலாம்

குருப்பட்டம் பெற்றவர் மட்டுமே பாவசங்கீர்த்தனம் கேட்க முடியும். குருவுக்கு அடுத்த படியில் இருக்கும் திருத்தொண்டர் வெள்ளை அங்கி போட்டுப் பீடத்தில் நிற்பார், ஞானஸ்நானம் கொடுப்பார், கல்யாணத்தையும் நடத்தி வைப்பார். ஆனால் இதைச் செய்ய முடியாது. அருட்சகோதரிகளிடம் மனம்விட்டுப் பேசலாம், ஆலோசனை கேட்கலாம். பாவமன்னிப்பு அவர்கள் வழங்குவதில்லை.

குருப்பட்டம் மட்டும் போதாது, ஆயரிடமிருந்து அதற்கான அதிகாரமும் வேண்டும். சென்னை-மயிலை உயர்மறைமாவட்டக் கோவிலில் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் அது இருக்கும், நீங்கள் விசாரிக்க வேண்டாம். ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் உங்கள் மாமா மகன் சாமியாரிடமும் செய்யலாம். தம் மறைமாவட்டத்தில் பெற்ற அதிகாரம் பொதுவாக எல்லா இடத்திலும் செல்லும். ஒருவர் சாகும் தறுவாயில் இருந்தால் சட்டம் எல்லாக் கதவையும் திறந்துவிடுகிறது: அதிகாரம் இல்லாத குரு, ஏன், குருத்துவப் பணியை விட்டுப் போனவர்கூட அந்த நேரத்தில் மன்னிப்பு வழங்கலாம்.

உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைக் கொடுத்ததை யோவான் நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சாமியார் அங்கே உட்கார்ந்திருப்பது அந்தக் கட்டளையின்படி. திருச்சபைச் சட்டம் அவரை ஒரே நேரத்தில் நீதிபதி என்றும் மருத்துவர் என்றும் சொல்கிறது. நம் ஆட்கள் முதல் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு நடுங்குகிறார்கள். இந்த நீதிபதி கேட்பது ஒன்றுதான்: இவர் உண்மையாக வருந்துகிறாரா, இதை விட்டுவிட மனம் இருக்கிறதா? இருக்கிறது என்றால் மன்னிப்பைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ அவருக்கு அனுமதி இல்லை.

நீங்கள் யாரிடம் செய்வது என்பது உங்கள் விருப்பம். சொந்தப் பங்குச் சாமியாரிடம்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாடகர் குழுவிலோ பங்குப் பேரவையிலோ இருந்து வாரம் மூன்று நாள் பங்குத்தந்தை முகத்தைப் பார்க்கிறீர்கள் என்றால், வேறு கோவிலுக்குப் போவதில் தப்பே இல்லை. சாமியார்களும் இதைத் தவறாக எடுப்பதில்லை. அவர்களும் இன்னொரு சாமியாரிடம் போய்த்தான் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள்.

இரகசியம்: இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் எந்தக் காரணத்துக்காகவும், எந்த வழியிலும் வெளியே சொல்லக் கூடாது. உங்கள் மனைவியிடம், உங்கள் பெற்றோரிடம், ஆயரிடம், போலீஸிடம், யாரிடமும். நீங்கள் இறந்த பிறகும் கூடாது. வார்த்தையால் மட்டும் இல்லை, சைகையால், முகக்குறியால், 'போன வாரம் ஒருத்தர் வந்தார்' என்று ஆளை அடையாளம் காட்டும் பிரசங்கக் கதையால், எதனாலும் கூடாது. நேரடியாக மீறும் குருவுக்கு அந்தக் கணமே திருச்சபையிலிருந்து விலக்கம் விழும். அதை நீக்கும் அதிகாரம் ரோமைக்கு மட்டுமே. 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இந்த இரகசியத்தைச் சட்டமாக எழுதிவைத்தது. இன்றைய சட்டத்திலும் தளர்வு கிடையாது.

நடைமுறையில் இன்னும் நுணுக்கமான ஒன்று உண்டு. கேட்டதை வைத்து அவர் உங்களுக்குப் பாதகமாக எதுவும் செய்யக் கூடாது. பங்கின் உண்டியல் பணத்தில் கை வைத்தேன் என்று பொருளாளர் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால், அதைக் காரணமாக்கி அவரைப் பொறுப்பிலிருந்து நீக்க முடியாது. பெட்டிக்கு வெளியே உங்களைப் பார்க்கும்போது "அந்தப் பிரச்சினை என்னாச்சு?" என்று உங்களிடமே கேட்கவும் கூடாது. நீங்களாகப் பேச்சை எடுத்தால்தான் அவர் பேசலாம். ஆகையால், சொன்ன விஷயத்தில் மேற்கொண்டு உதவி வேண்டுமானால், தனியாக நேரம் கேட்டு நீங்களே தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: இரகசிய முத்திரை என்று சொல்லும் இந்தக் காப்பு பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும். அலுவலக அறையில் காபி குடித்துக்கொண்டே பேசியதையும் நல்ல குரு வெளியே சொல்லமாட்டார். ஆனால் அதற்கு இதே கண்டிப்பான சட்டப் பாதுகாப்பு கிடையாது. பேச்சின் நடுவில் பாவசங்கீர்த்தனமாகவே செய்ய விரும்பினால், "ஃபாதர், இதைப் பாவசங்கீர்த்தனமாகச் சொல்றேன்" என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பிராகா நகரத்துக் குரு யோவான் நெப்போமுக் 1393-இல் அரசன் கட்டளையால் ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்டார். அரசியின் பாவசங்கீர்த்தனத்தை வெளியிட மறுத்ததுதான் காரணம் என்பது மரபு. 1729-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அவரை இந்த இரகசியத்தின் வேதசாட்சியாக இன்றும் கொண்டாடுகிறார்கள். பெட்டிக்குள் நுழையப் பயமாக இருந்தால் அவரிடம் ஒரு சின்ன மன்றாட்டு வைக்கலாம்.

சென்னையில் எங்கே, எப்போது

உங்கள் பங்குக் கோவிலின் வாசல் பலகையை முதலில் பாருங்கள். இல்லையென்றால் பங்கு அலுவலகத்துக்கு ஒரு போன். பல கோவில்களில் சனி மாலையிலும், பூசைக்கு அரைமணி நேரம் முன்பும் கேட்பார்கள். பூசை தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓடிப்போய் நிற்காதீர்கள். சாமியார் திருவுடை போட்டுக்கொண்டிருப்பார். உங்களுக்கும் நிதானம் இருக்காது.

யாருக்கும் தெரியாத முகமாகப் போக விரும்பினால் பெரிய திருத்தலங்கள் வசதி. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னை, சாந்தோம் பேராலயம், பெரம்பூர் லூர்து அன்னை, பாரிமுனை அந்தோனியார் கோவில் போன்ற இடங்களுக்கு நகரம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் கூட்ட நாளைத் தவிருங்கள். பெசன்ட் நகரில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வரிசை நீளும். பின்னால் நிற்பவர்களின் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டே முதல் பாவசங்கீர்த்தனம் செய்வது கஷ்டம். என்னைக் கேட்டால், முதல் தடவை போகிறவர்கள் பங்கு அலுவலகத்தில் கேட்டு ஒரு சாதாரண வார நாள் மாலையைப் பிடிப்பது நல்லது. "ஃபாதர், ரொம்ப வருஷமாச்சு, ஒரு பத்து நிமிஷம் வேணும்" என்றால் ஒதுக்கித் தருவார்கள்.

தவக்காலத்தில் பல பங்குகளில் 'ஒப்புரவு வழிபாடு' நடக்கும். அக்கம்பக்கத்துப் பங்குகளிலிருந்து நான்கைந்து சாமியார்கள் வந்து கோவிலின் மூலைக்கொருவராக உட்காருவார்கள். சேர்ந்து செபித்த பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும். பொதுச் செபத்தோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் பாவசங்கீர்த்தனம் ஆகிவிடாது. அறிமுகம் இல்லாத சாமியாரைத் தேடுகிறவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

போனிலோ வாட்ஸாப்பிலோ வீடியோ காலிலோ செய்யும் பாவசங்கீர்த்தனம் செல்லாது. இருவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

போவதற்கு முன்

ஞானஸ்நானம் பெறாதவர்கள் சாமியாரிடம் பேசலாம், ஆசீர் வாங்கலாம். பாவமன்னிப்பு ஞானஸ்நானத்துக்குப் பிறகுதான். அண்மையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பழைய வாழ்க்கையை எல்லாம் தோண்டத் தேவையே இல்லை. ஞானஸ்நானம் அதுவரையுள்ள பாவம் எல்லாவற்றையும் கழுவிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் பாருங்கள். இந்த ஒரு வரியைக் கேட்டதும் நிம்மதியாக மூச்சுவிடும் புதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய ஞான உபதேசம் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று வரிசைப்படுத்தியது: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, சாமியாரிடம் சொல்வது, அவர் கொடுக்கும் அபராதத்தை, அதாவது பரிகாரச் செயலை, தீர்ப்பது. இன்றைக்கும் இதைவிட எளிய வரிசை இல்லை. தமிழில் அச்சேறிய முதல் சில புத்தகங்களிலேயே ஒன்று இதற்கான கையேடுதான். போர்த்துகீசியக் குரு அண்ட்ரிக் அடிகளார் அதை 1580-இல் அச்சிட்டார். நம் மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்லித்தர வேண்டும் என்று அப்போதே ஒருவர் அச்சுக்கோத்து உழைத்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது.

நினைத்துப் பார்க்கப் பத்துக் கட்டளைகள் போதும். ஆனால் கட்டளையை உங்கள் நாளுக்குள் கொண்டுவந்து பாருங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குச் சேர வேண்டிய சம்பளத்தைப் பிடித்துவைத்தேனா? அலுவலகத்தில் போகாத டாக்சிக்குப் பில் போட்டேனா? சீட்டுப் பணம் எடுத்துவிட்டுக் கட்டாமல் இருக்கிறேனா? வரதட்சணை கேட்டேனா, கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தேனா? சாதி பார்த்துப் பழகினேனா, சாதி பார்த்து வீடு மறுத்தேனா? சாதியைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பாவமாகவே பலர் நினைப்பதில்லை. அது சொல்லித் தீர வேண்டிய பாவம்தான், சந்தேகமே வேண்டாம். இன்னொரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் போட்டதால் பூசைக்கு வர முடியாமல் போனது பாவம் இல்லை. காய்ச்சலில் படுத்திருந்ததும் இல்லை.

சாவான பாவங்களை, அதாவது கனமான காரியத்தில் தெரிந்தே மனம் ஒப்பிச் செய்தவற்றை, வகையும் ஏறக்குறைய எத்தனை தடவை என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அற்பப் பாவங்களைச் சொல்வது கட்டாயம் இல்லை, சொன்னால் நல்லது. மறந்துவிடுவோம் என்று தோன்றினால் சின்னத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் கிழித்துப் போடுங்கள். போனில் எழுதினால் அழிக்க மறந்துவிடுவோம். வீட்டில் பிள்ளைகள் கையில் போன் போகும்.

பெட்டிக்குள்

பழைய கோவில்களில் மரப்பெட்டி இருக்கும். பாவசங்கீர்த்தனத் தொட்டி என்றும் சொல்வார்கள். நடுவில் சாமியார், பக்கவாட்டில் கம்பிவலை, அதன் அருகில் நீங்கள் முழங்கால் போட ஒரு பலகை. புதிய கோவில்களில் ஒரு சின்ன அறையும் எதிரெதிரே இரண்டு நாற்காலியும் இருக்கலாம். வலைக்குப் பின்னால் இருந்து செய்யும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு. முட்டி வலி உள்ளவர்கள் உட்கார்ந்தே செய்யலாம். வரிசையில் நிற்கும்போது பெட்டியிலிருந்து நாலு தப்படி தள்ளி நில்லுங்கள். முன்னால் இருப்பவர் பேசுவது தற்செயலாகக் காதில் விழுந்தாலும் அந்த இரகசியத்தை நீங்களும் காக்க வேண்டும்.

சாமியார் ஊதா நிறப் பட்டையைக் கழுத்தில் போட்டிருப்பார். சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்குங்கள். இப்படிப் போகலாம்:

"தோத்திரம் ஃபாதர். என்னை ஆசீர்வதியுங்க, நான் பாவி. நான் கடைசியா பாவசங்கீர்த்தனம் செஞ்சு பன்னிரண்டு வருஷம் இருக்கும். எனக்குக் கல்யாணம் ஆகிடுச்சு. எப்படிச் செய்யணும்னு மறந்துபோச்சு, கொஞ்சம் உதவி பண்ணுங்க."

"பரவாயில்லம்மா, வந்துட்டீங்களே. மனசுல எது ரொம்ப உறுத்துதோ அதுல இருந்து ஆரம்பிங்க."

அவ்வளவுதான். "உதவி பண்ணுங்க" என்ற வார்த்தை வந்துவிட்டால், அடுத்ததை அவர் கேள்வி கேட்டு எடுத்துக்கொடுப்பார். கல்யாணம் ஆனவரா, என்ன வேலை என்பதைச் சொல்வது ஆலோசனை தர அவருக்கு உதவும். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லும் விதத்தில் மட்டும் கவனம் வேண்டும். "எனக்குக் கோபம் வரும் ஃபாதர்" என்பது யாருக்கும் பொருந்தும். அதில் நீங்கள் இல்லை. "என் மாமியாரைப் பிள்ளைகள் முன்னாடி கேவலமாகப் பேசினேன், மூணு நாலு தடவை" என்றால் அது பாவசங்கீர்த்தனம். அதற்கு மேல் மாமியார் என்ன செய்தார், அவர் தங்கை என்ன சொன்னார் என்ற கதை வேண்டாம். மற்றவர்கள் பாவத்தைச் சொல்லும் இடம் இது இல்லை. கூட்டாளியின் பெயரைச் சாமியாரும் கேட்கக் கூடாது, அது சட்டம். விவரிக்கக் கூசும் பாவம் என்றால் வகையைச் சொன்னால் போதும், காட்சியை வர்ணிக்க வேண்டாம். வார்த்தை வராவிட்டால், "ஃபாதர், சொல்லவே கஷ்டமா ஒண்ணு இருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள்.

கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்கள் சிலர், இதைச் சாதாரணச் சாமியாரிடம் சொல்ல முடியாது, ஆயரிடம்தான் போக வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வருஷக்கணக்காக உள்ளேயே வைத்துப் புழுங்குகிறார்கள். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார். எந்தக் கோவிலிலும், எந்தச் சாமியாரிடமும் போகலாம். தயவுசெய்து போங்கள்.

சொல்லி முடித்ததும், "இவற்றுக்காகவும் நான் மறந்துபோன பாவங்களுக்காகவும் மனம் வருந்துகிறேன்" என்று முடியுங்கள். சாமியார் சில வார்த்தை பேசுவார், அபராதம் சொல்வார், மனத்துயர் செபம் சொல்லச் சொல்வார். மனப்பாடம் இல்லையென்றால் சொந்த வார்த்தையில், "ஆண்டவரே, உம்மை நோகடித்ததற்காக வருந்துகிறேன், உம் உதவியால் இனிச் செய்யமாட்டேன்" என்றாலும் சரிதான். பிறகு அவர் கையை நீட்டி, தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் பாவமன்னிப்பு வழங்குவார். அந்த நேரம் அவசரமாக எழாதீர்கள். நீங்கள் வந்ததே அதற்காகத்தான். "ஆமென்" சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

அபராதமும் ஈடுசெய்வதும்

அபராதம் என்ற சொல்லைக் கேட்டுப் போக்குவரத்துப் போலீஸை நினைக்க வேண்டாம். பணம் எதுவும் கிடையாது. மூன்று அருள்நிறை மந்திரம், ஒரு சங்கீதம், நோயாளி ஒருவரைப் போய்ப் பார்ப்பது, இப்படி ஏதாவது இருக்கும். முடிந்தால் கோவிலை விட்டுக் கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள், இல்லையென்றால் மறந்துபோகும். உங்களால் செய்ய முடியாத காரியத்தைச் சொன்னால் அங்கேயே, "ஃபாதர், அது முடியாது, வேற குடுங்க" என்று கேட்கலாம்.

திருடிய பணத்தைத் திருப்பித் தருவது அபராதத்தில் அடங்காது. அது தனிக் கடமை. வேலைக்கார அக்காவின் சம்பளத்தைப் பிடித்தவர் பத்து செபமாலை சொன்னாலும் சம்பளப் பாக்கி பாக்கிதான். எப்படிக் கொடுப்பது, நேரில் கொடுத்தால் மானம் போகுமே என்ற சந்தேகங்களைச் சாமியாரிடமே கேளுங்கள். பெயர் தெரியாமல் திருப்பிக் கொடுக்க வழி சொல்வார்.

முக்கியமான ஒன்றை நிஜமாகவே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தபின் ஞாபகம் வந்தால் பதற வேண்டாம். அதற்கும் மன்னிப்புக் கிடைத்துவிட்டது. அடுத்த தடவை சேர்த்துச் சொல்லுங்கள். வேண்டுமென்றே மறைத்தால்தான் பிரச்சினை.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை? சாவான பாவம் இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது என்பது சட்டம். அந்த நிலையில் நன்மை (நற்கருணை) வாங்கும் முன்பும் செய்தாக வேண்டும். மாதம் ஒரு தடவை போவது நல்ல பழக்கம் என்பது என் கருத்து. நாள் குறைவாக இருந்தால் ஞாபகமும் தெளிவாக இருக்கும், வெட்கமும் குறையும்.

ஒரே சாமியாரா, மாற்றலாமா

கொஞ்ச நாள் போனதும் ஒருவரிடமே தொடர்ந்து செய்வதில் பெரிய பலன் இருக்கிறது. உங்கள் குணத்தை, திரும்பத் திரும்ப விழும் இடத்தை அவர் புரிந்துகொள்வார். நல்லவரை எப்படித் தெரிந்துகொள்வது? நிறையப் பேசுகிறவரைவிட நன்றாகக் கேட்கிறவரைத் தேடுங்கள். பதுவை நகரில் பல பத்தாண்டுகள் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்ட கப்புச்சின் குரு லியோபோல்டு மாண்டிச், உயரத்தில் மிகச் சிறியவர், பேச்சும் தட்டுத்தடுமாறித்தான் வரும். பிரசங்கியாகப் பெயர் வாங்கவில்லை. மிகவும் இளகிய மனத்தோடு மன்னிக்கிறார் என்று குறைகூடச் சொன்னார்கள். 1983-இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள்.

ஒரு சாமியார் கடுமையாகப் பேசிவிட்டார் என்றால் வருத்தமாகத்தான் இருக்கும். அவர் வழங்கிய மன்னிப்பு அதனால் குறைந்துவிடாது. அடுத்த தடவை வேறொருவரிடம் போங்கள். காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரின் கோபத்துக்காகப் பாவசங்கீர்த்தனத்தையே விட்டுவிடாதீர்கள்.

அதற்கு மேற்பட்ட ஒன்றும் உண்டு, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனத்தைச் சாக்காக வைத்து ஒரு குரு ஆபாசமாகப் பேசினாலோ தவறான உறவுக்கு அழைத்தாலோ, திருச்சபைச் சட்டத்தில் அது மிகக் கடுமையான குற்றம். உடனே எழுந்து வெளியே வாருங்கள். இரகசிய முத்திரை குருவைக் கட்டுகிறது. பாவசங்கீர்த்தனம் செய்ய வந்த உங்கள் வாயைக் கட்டுவதில்லை. நீங்கள் நம்பும் ஒருவரிடம் சொல்லி, பேராயரிடம் முறையிடுங்கள். பாதிக்கப்பட்டவர் சிறுவர் அல்லது சிறுமி என்றால் போலீஸிடமும் போக வேண்டும்.

மொழி, உடல்நிலை, வீட்டில் இருப்பவர்கள்

தமிழ் சரளமாக வராத நண்பரைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால், அவர் மொழி தெரிந்த சாமியாரைத் தேடுவது நல்லது. சென்னையில் ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் சிரமமே இல்லை. வேறு வழியே இல்லாதபோது மொழிபெயர்ப்பாளர் வைத்துச் செய்யவும் அனுமதி உண்டு. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற கடமை அவருக்கும் உண்டு. காது கேளாதவர்கள் சீட்டில் எழுதிக் காட்டலாம். கையோடு சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுத்துவையுங்கள். பல பங்குகளில் மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நன்மை கொண்டுவருவார்கள். சாமியார் வந்ததும் தண்ணீர், காபி என்று சுற்றிச் சுற்றி வராமல், அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுங்கள், டிவியையும் நிறுத்துங்கள். காது மந்தமான தாத்தா சத்தமாகத்தான் பேசுவார், ஆகவே மாடிப்படி வரைக்கும் தள்ளிப் போனாலும் நல்லதே. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதும், அறுவை சிகிச்சைக்கு முன்பும், நினைவு தெளிவாக இருக்கும்போதே சாமியாரைக் கூப்பிடுங்கள். அவர் வந்தாலே பயந்துவிடுவார் என்று கடைசி நிமிடம் வரை தள்ளிப்போடும் குடும்பங்கள் ஏராளம். அப்புறம் நோயாளி பேச்சு மூச்சின்றிக் கிடப்பார், வாய்விட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது.

போன் செய்யும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு நன்மை கொண்டுவருபவர் பல நேரம் குருப்பட்டம் பெறாத நற்கருணைப் பணியாளராக இருப்பார். அவர் பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது. "அம்மா பாவசங்கீர்த்தனம் செய்யணும்னு கேட்கிறாங்க, ஃபாதரே வரணும்" என்று சொல்லிப் பெயரையும் தெருவையும் எந்த மாடி என்பதையும் கொடுத்துவிடுங்கள்.